பீன்ஸ் கருகலைத் தாங்கும் விதை: சொந்தத் தோட்டத்தில் கலப்பு செய்து தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசைப் பக்கம் பீன்ஸ் போடுகிறவர்களுக்கு ஐப்பசி மழையோடு கருகலும் (இலையும் காயும் கருகும் பாக்டீரியா நோய்) வரும் என்பது தெரிந்த கதை. மருந்து அடித்து அலுத்துப்போய், "தாங்குகிற விதையை நாமே எடுத்தால் என்ன?" என்று கேட்டு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு போகம் பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு போகம் என்றால் மூன்று வருடம். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் இப்போதே விட்டுவிடுவது நல்லது.

இதில் இறங்கிய சிலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நானும் ஒரு தடவை முழுதாகக் கோட்டை விட்டேன். கொட்டகை ஓரத்தில் பதினான்கு செடி பொட்டுக்கூட இல்லாமல் நின்றது. சந்தோஷமாக விதை எடுத்து அடுத்த போகம் போட்டால் பதினான்கும் கருகியது. அப்புறம்தான் யோசித்தேன்: அந்த ஓரத்தில் தகரக் கூரை நீட்டிக்கொண்டிருந்தது, செடி மேல் மழையே விழவில்லை. நோய் படாமல் தப்பிய செடி வேறு, நோயைத் தாங்கிய செடி வேறு. கீழே சொல்லும் வரிசையில் பாதி, இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிலம் இரண்டு துண்டு வேண்டும். ஒன்று நோயை வேண்டுமென்றே வரவழைக்கும் துண்டு, ஐந்து சென்ட் போதும். சரிவின் அடிவாரத்தில், பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் வழியாத இடமாகப் பாருங்கள். மேட்டில் வைத்தால் மழைத்தண்ணீர் கிருமியை அடுத்தவர் பாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் மூன்று வருடமும் சண்டைதான்.

இன்னொன்று விதைக்கான சுத்தமான துண்டு. கடைசி இரண்டு வருடமாவது பீன்ஸ் போடாத இடமாக, முதல் துண்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும்.

மற்றபடி கூர்மையான சாமணம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கொஞ்சம் ஸ்பிரிட், நான்கு நிறத்தில் நூல், காகித உறைகள், ஒரு நோட்டு. நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். மை மூடுபனி ஈரத்தில் பரவிவிடும்.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, பதிவான ரகத்தின் விதையை உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். அந்த ரகத்தின் பெயர் போட்ட பொட்டலமாக மட்டும் விற்கக்கூடாது. புது ரகம் உண்டாக்க அதைத் தாயாகவோ தந்தையாகவோ வைப்பதற்கும் தடையில்லை.

2. வந்திருப்பது பாக்டீரியாதானா என்று உறுதி செய்வது

இலையில் எது வந்தாலும் கருகல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். துரு நோய்க்கு எதிராகத் தேர்வு செய்துவிட்டு, பாக்டீரியா வந்தபோது மொத்தமும் போனவரை எனக்குத் தெரியும்.

விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் ஒட்டினால் துரு. நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டினாற்போல் புள்ளி, அடியில் சாம்பல் நிறம் என்றால் கோண இலைப்புள்ளி. காயில் கரிய விளிம்போடு குழிந்து, நடுவில் இளஞ்சிவப்புப் பிசுக்கு இருந்தால் ஆந்த்ரக்னோஸ். மூன்றும் பூஞ்சணம்.

பாக்டீரியா என்றால் முதலில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு நீர்க்கசிவுப் புள்ளி வரும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவும். இதைக் காலையில், பனி காய்ந்த உடனே பார்க்க வேண்டும்; மதியத்துக்கு மேல் வாடிய இலையில் தெரியாது. சந்தேகம் இருந்தால் புள்ளியின் ஓரத்தை, பச்சையும் பழுப்பும் சேரும் கோட்டில், சிறிதாக வெட்டிக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தெளிந்த தண்ணீரில் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கலங்கல் மாதிரி கசிவது லென்ஸில் தெரியும். நடுப்பகுதியை வெட்டினால் தெரியாது. அங்கே திசு செத்துப்போயிருக்கும், கிருமி உயிரோடு இருப்பது ஓரத்தில்தான்.

3. இரண்டு கருகலில் உங்களுடையது எது

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கீழ்மலையும் மேல்மலையும் இங்கே ஒன்றல்ல.

பொதுக் கருகல் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. அதற்கு 28 முதல் 32 டிகிரி வெப்பம் பிடிக்கும். புள்ளி பெரிதாகிப் பழுப்பாகக் காய்ந்து, சுற்றிலும் எலுமிச்சை மஞ்சளில் ஒரு மெல்லிய கோடு ஓடும். காயில் கசிவு மஞ்சளாகக் காயும். தாண்டிக்குடி உயரத்திலும் அதற்குக் கீழும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

வளையக் கருகல் சூடோமோனாஸ் இனத்தால் வருவது. அதற்குக் குளிர் வேண்டும், 20 டிகிரியை ஒட்டி. சிறு புள்ளி, சுற்றிலும் அகலமான பச்சை கலந்த மஞ்சள் வளையம். அது கிருமி விடும் நச்சின் வேலை. காயில் கசிவு வெண்மையாக இருக்கும். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், அந்தப் பக்கம் ஊட்டி, குன்னூர் என்றால் முதலில் இதை நினையுங்கள். ஒரு எச்சரிக்கை: வெயில் ஏறிய நாட்களில் வளையம் சரியாக விழாது, அதனால் பொதுக் கருகல் என்று ஏமாறலாம்.

ஏன் முக்கியம் என்றால், ஒன்றைத் தாங்கும் குணம் மற்றதைத் தாங்காது. வளையக் கருகலில் கிருமியே பல பிரிவுகளாக இருக்கிறது. ஒரு பிரிவைத் தடுக்கும் மரபணு இன்னொன்றிடம் தோற்கும். பொதுக் கருகலைத் தாங்குவது பெரும்பாலும் ஒரே மரபணுவின் வேலை இல்லை, ஆளுக்குக் கொஞ்சமாகப் பல மரபணுக்கள் சேர்ந்து செய்வது. கீழே சொல்லும் முறை பொதுக் கருகலுக்கானது, அதாவது கீழ்மலைக்கு.

4. தாய், தந்தை

ஒரு பக்கம் உங்கள் ஊர்க் கொடி பீன்ஸ். ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை போகிற காய், ஆனால் வருடா வருடம் கருகுவது. இன்னொரு பக்கம் தாங்கும் ரகம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அனூப், துருவையும் பாக்டீரியா கருகலையும் தாங்கும் ரகமாகவே வெளியானது. குத்துச்செடி, நேரான பச்சைக்காய். நான் வைப்பது அதைத்தான்.

சிலர் இணையத்தில் படித்துவிட்டு டெப்பரி பீன்ஸ் வேண்டும் என்பார்கள். வலுவான எதிர்ப்புக் குணம் சில அதிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் அது வேறு இனம். சாதாரண பீன்ஸோடு சேர்த்தால் கரு பாதியில் நின்றுவிடும், ஆய்வகத்தில் கருவைப் பிரித்து வளர்க்க வேண்டியிருக்கும். வீட்டு வராந்தாவில் நடக்காது.

குத்துச்செடியைத் தாயாக வையுங்கள், கொடியைத் தந்தையாக. இதை மாற்றாதீர்கள். காரணம் 7ஆம் பகுதியில் வருகிறது.

5. விதைக்கும் நாள்

கலப்பு செய்வதை ஐப்பசி போகத்தில் தொடங்குங்கள். காற்றில் ஈரம் இருந்தால் தொட்ட பூ உதிராது. அதோடு கணக்கும் சரியாக வரும்: முதல் தலைமுறை கோடையில், இரண்டாவது அடுத்த மழையில், நான்காவது அதற்கடுத்த மழையில். நோயை நன்றாகப் பார்க்க வேண்டிய தலைமுறைகள் மழையிலேயே விழுகின்றன.

கொடி தாமதமாகப் பூக்கும். அதை முதலில் விதைத்து, பத்து நாள் கழித்துக் குத்துச்செடியில் ஒரு பகுதி, ஐந்தைந்து நாள் இடைவெளியில் மேலும் இரண்டு பகுதி போடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் விதைத்தால், கொடி பூக்கும்போது குத்துச்செடி காய் முற்றி நிற்கும். தாய்ச்செடிகளைத் தொட்டியில் வளர்த்துக் கூரைக்கடியில் வைத்தால் மழை பூவைக் கெடுக்காது, குனிந்து முதுகும் ஒடியாது.

6. பூவைக் கலப்பது

பீன்ஸ் தன் பூவிலேயே தானே சூல்கொள்ளும் பயிர். பூ விரிவதற்கு முந்தின இரவே மகரந்தப்பை வெடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே விரிந்த பூவைத் தொட்டுப் பயனில்லை. நாளைக் காலை விரியப் போகிற மொட்டு வேண்டும்: நன்றாக உப்பி, இதழின் நிறம் தெரிந்து, ஆனால் வாய் மூடியிருப்பது. மொட்டு ரொம்பச் சிறிதாக இருந்தால் உதிரும். பெரிதாக இருந்தால் ஏற்கெனவே சூல்கொண்டிருக்கும். இந்த அளவு கண்ணுக்குப் பிடிபட இருபது முப்பது மொட்டு வீணாகும், பரவாயில்லை.

காலையில் சாமணத்தை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, மொட்டின் பெரிய மேலிதழை மெல்லப் பின்னால் மடக்குங்கள். இரண்டு இறகு இதழ்களை விலக்கினால் உள்ளே நத்தை மாதிரி சுருண்ட படகு இதழ் இருக்கும். அதன் முதுகைக் கிழித்துத் திறந்து, பத்து மகரந்தப்பைகளையும் எண்ணி எடுங்கள். சூல்முடியைச் சாமணம் அழுத்தக் கூடாது. மஞ்சள் தூள் ஏதாவது கண்ணில் பட்டால் அந்த மொட்டைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

இப்போது கொடியிலிருந்து அன்று காலை விரிந்த பூ ஒன்றை எடுங்கள். அதன் இறகு இதழைக் கீழே அழுத்தினால் மகரந்தம் அப்பிய சூல்முடி தானாக வெளியே எட்டிப் பார்க்கும். அதை அப்படியே கிள்ளி, தாய்ப்பூவின் சூல்முடியில் கொக்கியில் கொக்கி மாட்டுவதுபோல் மாட்டிவிட்டு, மேலிதழைப் பழையபடி மூடுங்கள். காய்ந்த காற்று படாமல் இருக்கத்தான் மூடுவது. காம்பில் நிற நூல் கட்டி, தேதியை நோட்டில் எழுதுங்கள். அதே கொத்தில் மற்ற மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் செடி தானே சூல்கொண்ட காய்க்குச் சத்தை அனுப்பி, நீங்கள் தொட்டதை உதிர்க்கும்.

ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பழகாத கைக்குப் பத்துப் பூவில் இரண்டு நின்றால் நல்லது. ஐந்தாறு காய் பிடித்தால் முதல் தலைமுறைக்குத் தேவையான விதை கிடைத்துவிடும்.

விதை தாயின் விதை மாதிரியே இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். விதைத்தோல் தாயின் திசு. உள்ளே இருக்கும் கருதான் கலப்பு.

7. முதல் தலைமுறை: கலப்பு உண்மையா?

குத்துச்செடியைத் தாயாக வைத்த காரணம் இங்கேதான் இருக்கிறது. கொடியாக ஓடும் குணம் மேலோங்கும் குணம்: தாய், தந்தையில் ஒன்று கொடியாக இருந்தாலே முதல் தலைமுறை கொடியாக ஓடும். குத்துச்செடியில் எடுத்த விதை முளைத்துக் கொடி வீசினால் கலப்பு நடந்திருக்கிறது. குத்துச்செடியாகவே நின்றால் அது தானே சூல்கொண்டது; பிடுங்கிவிடுங்கள். கொடியைத் தாயாக வைத்திருந்தால் இரண்டுமே கொடியாக ஓடும், எது எது என்று தெரியாமல் ஒரு போகம் முழுக்க வீணாகியிருக்கும்.

இந்தத் தலைமுறையில் நோயைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். எல்லாச் செடியும் பாதி தாய், பாதி தந்தை. குச்சி ஊன்றி, சுத்தமான துண்டில் வளர்த்து, எல்லா விதையையும் சேர்த்து எடுங்கள். ஒரு கொடியிலேயே நூறு விதைக்கு மேல் வரும்.

8. நோயை வரவழைப்பது

இரண்டாம் தலைமுறையில் குறைந்தது இருநூறு செடி வேண்டும். பல மரபணுக்கள் ஒன்றுசேர வேண்டிய குணம். ஐம்பது செடியில் தேடினால் அந்தச் சேர்க்கை இருக்காமலே போகலாம். நாலில் ஒன்று குத்துச்செடியாக வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒவ்வொரு இரண்டு வரிசைக்கும் பக்கத்தில், ஊர் ரகத்தில் ஒரு வரிசை பத்து நாள் முன்னதாகவே விதையுங்கள். அது கருகி, மழைத்துளி தெறிக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் கிருமியைப் பரப்பிக்கொண்டே இருக்கும். அங்கங்கே அர்கா அனூப் சில செடியும் நடுங்கள், ஒப்பிடுவதற்கு.

விதைத்த 25ஆம் நாளை ஒட்டிக் கரைசல் தெளிக்க வேண்டும். கருகிய இலை இரண்டு கைப்பிடி, இளம் புள்ளி உள்ளதாக, உங்கள் தோட்டத்திலிருந்தே. வேறு ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள். இல்லாத ஒரு வகையை நீங்களே இறக்கிவிடுவீர்கள். இலையைக் கசக்கி ஐந்து லிட்டர் ஊற்றுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிருமி செத்துவிடும்.

இங்கே மூன்று தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது.

முதலாவது, தேமல் பிடித்த செடியின் இலையை எடுப்பது. பீன்ஸ் தேமல் வைரஸ் சாறு மூலமாகவே பரவும். அப்புறம் இலை சுருண்டது எதனால் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்து அடித்த அதே தெளிப்பானை எடுப்பது. தொட்டியில் ஒட்டிய தாமிரம் போதும், கரைசல் வெறும் தண்ணீராகிவிடும். இதற்கென்று ஒரு கைத்தெளிப்பான் வாங்கி, மேலே பெயிண்டால் எழுதி வையுங்கள். சோதனைத் துண்டில் தாமிர மருந்தே கூடாது.

மூன்றாவது, காலை வெயிலில் தெளிப்பது. மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி தெளியுங்கள். இலைத்துளைகள் அடியில் அதிகம், இரவெல்லாம் ஈரம் நிற்கும், வெயில் கிருமியைக் கொல்லாது. மழை இல்லாவிட்டால் அடுத்த இரண்டு மாலையும் தூறல் பாசனம் விடுங்கள்.

அந்தத் துண்டுக்கு நாளின் கடைசி வேலையாகத்தான் போக வேண்டும். ஈர இலையை உரசிய லுங்கியோடு நல்ல துண்டுக்குள் நுழைந்தால், தெளிப்பான் தேவையே இல்லை.

9. மதிப்பெண் போடுவது

தெளித்த 10 முதல் 14 நாளில் முதல் முறை, அதற்குப் பத்து நாள் கழித்து இரண்டாம் முறை. 1 முதல் 9 வரை. புள்ளியே இல்லை என்றால் 1. இலைப்பரப்பில் இரண்டு சதவீதம் அளவு என்றால் 3, ஐந்து என்றால் 5, பத்து என்றால் 7, நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போனால் 9. நடு அடுக்கு இலைகளைப் பாருங்கள். அடியிலை வயதாலும் பழுக்கும், நுனியிலைக்கு நோய் இன்னும் வந்திருக்காது.

முதலில் ஊர் ரக வரிசைக்கு மதிப்பெண் போடுங்கள். அது 7க்குக் கீழே இருந்தால் சோதனை சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் போகத்தில் எந்தச் செடியையும் நம்பாதீர்கள், திரும்பத் தெளியுங்கள். என் கொட்டகை ஓரத்துப் பதினான்கும் இந்த ஒரு விதியில் மாட்டியிருக்கும்.

காய்க்குத் தனியாகப் போடுங்கள். இலை தாங்கும், காய் தாங்காது என்று இருக்கும் செடிகள் நிறைய. சந்தைக்குப் போவது காய்தானே.

10. எவ்வளவு கடுமையாகக் கழிப்பது

புதியவர்கள் இரண்டாம் தலைமுறையிலேயே 1ம் 2ம் வாங்கிய நாலைந்து செடியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். அப்போது கலப்பு நிலை (தாயும் தந்தையும் கொடுத்தது வேறுவேறாக, இன்னும் நிலைப்படாமல் இருக்கும் மரபணுக்களின் பங்கு) இன்னும் 50 சதவீதம்; இன்று 4 வாங்கிய செடியின் பிள்ளைகளில் 2 வாங்குவது இருக்கலாம். நான் 7ம் அதற்கு மேலும் உள்ளதை மட்டும் கழிப்பேன். மிச்சத்தில் காய் பிடிப்பதையும் பார்த்து நாற்பது செடி எடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனி உறையில் போடுவேன்.

மூன்றாம் தலைமுறையிலிருந்து செடியை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள். ஒரு உறைக்கு ஒரு வரிசை, பதினைந்து செடி. வரிசை முழுக்கத் தாங்கினால்தான் குணம் உள்ளே இருக்கிறது. ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றால் தப்பியதாகவும் இருக்கலாம். கோடையில் வருவதால் தூறல் பாசனம் விட்டுத் தெளிக்க வேண்டியிருக்கும், ஆனால் வெப்பம் இந்தக் கிருமிக்குத் தோது. நாற்பதில் பன்னிரண்டு வரிசை வையுங்கள்.

நான்காவதில் கலப்பு நிலை 12.5 சதவீதத்துக்கு வந்திருக்கும். இப்போது சந்தைக் கண்ணோடு பாருங்கள்: காயை ஒடித்தால் பட்டென்று ஒடிகிறதா, நார் இழுக்கிறதா, வளைகிறதா, மூன்று நாள் சாக்கில் கிடந்தால் தாங்குகிறதா. நோய் தாங்கும் ஆனால் நார் இழுக்கும் காயை ஒட்டன்சத்திரத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். ஐந்தாவதில் மூன்று நான்கு வரிசைக்கு மேல் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் நீங்கள் மனசு விட்டுக் கழிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

11. விதையைச் சுத்தமாக எடுப்பது

இந்தக் கிருமி விதையிலேயே பயணம் செய்வது, காய்ந்த விதையில் வருடக்கணக்கில் உயிரோடு இருப்பது. தாங்கும் செடியும் அதைச் சுமக்கலாம். நோய்த் துண்டில் தேர்ந்தெடுத்து அங்கேயே விதையும் எடுத்தால், தாங்கும் ரகத்தோடு நோயையும் சேர்த்துப் பொட்டலம் கட்டுகிறீர்கள்.

அதனால் மூன்றாம் தலைமுறையிலிருந்து ஒவ்வொரு உறையையும் இரண்டாகப் பிரியுங்கள். பாதி நோய்த் துண்டில், பாதி சுத்தமான துண்டில், அதே வரிசை எண்ணோடு. தேர்வு அங்கே, விதை இங்கே. நோய்த் துண்டில் 8ஆம் வரிசை தேறினால், சுத்தமான துண்டின் 8ஆம் வரிசையில் விதை எடுங்கள். அங்கே தலைக்கு மேலே தண்ணீர் விடாதீர்கள், வேருக்கு மட்டும் பாய்ச்சுங்கள்.

இரண்டாம் தலைமுறையில் மட்டும் இது முடியாது, ஒவ்வொரு செடியும் ஒன்றுதான். அதில் புள்ளியில்லாத காயாகப் பார்த்து, கொடியிலேயே காயவிட்டு எடுங்கள். வெள்ளை விதையில் கண்ணைச் சுற்றி மஞ்சள் கறை தெரியும், கழித்துவிடலாம். கறுப்பு, பழுப்பு விதையில் தெரியாது, அதனால் சுருங்கிய விதை எல்லாவற்றையும் கழியுங்கள்.

வெந்நீரில் விதைநேர்த்தி செய்யலாமா என்று கேட்பார்கள். முட்டைக்கோசுக்கு 50 டிகிரி வெந்நீர் சரி. பீன்ஸ் பெரிய விதை, தோல் வெடித்து முளைப்பு போய்விடும், வேண்டாம்.

வரிசைகளுக்கு நடுவே தேனீ கொஞ்சம் மகரந்தம் மாற்றும். விதைத் துண்டுக்கும் வேறு பீன்ஸுக்கும் பத்து மீட்டர் விட்டால் போதும்.

நோய்த் துண்டின் சருகை அங்கேயே எரித்துவிடுங்கள், எருக்குழியில் போட வேண்டாம். அந்தத் துண்டில் அடுத்த இரண்டு வருடம் கேரட்டோ பூண்டோ போடலாம்.

12. மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன்

உங்கள் தோட்டத்தில் தேறிய வரிசையை, அதே உயரத்தில் இன்னும் இரண்டு பேர் தோட்டத்தில் ஒரு மழைப் போகம் போட்டுப் பாருங்கள், ஊர் ரகத்தைப் பக்கத்திலேயே வைத்து. பூம்பாறையிலிருந்து யாராவது விதை கேட்டால், இது வளையக் கருகலுக்காகத் தேர்ந்தெடுத்தது இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு பிடி மட்டும் கொடுங்கள். அவர்கள் ஊர்க் குளிரில், அவர்கள் ஊர்க் கிருமியோடு, 8ஆம் பகுதியிலிருந்து அவர்களே திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.